இரவு எங்கே தங்கலாம்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேசுவரம் போகத் திட்டமா, நேயர்களே? தூரம் சுமார் 600 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டினால் பாதிக் கடற்கரை இருட்டில் கழிந்துவிடும். வழியில் இரண்டு இரவாவது தங்குங்கள்.

முதல் இரவைப் பலரும் புதுச்சேரியில் கழிக்கிறார்கள். முடிந்தால் இன்னும் தெற்கே, தரங்கம்பாடி வரை போய்விடுங்கள். வங்கக் கடலோரத்தில் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் மறையாது. அதனால் இந்தக் கரையில் மாலையைவிட விடியற்காலைக்குத்தான் மதிப்பு. 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. இளவெயில் அதன் சுவரில் விழும் நேரத்தைத் தவற விடாதீர்கள்.

இரண்டாம் இரவுக்கு வேளாங்கண்ணி வசதி. ஆனால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அங்கே திருவிழா, அறை கிடைப்பது கடினம். அப்போது வேதாரண்யம் போய்விடலாம். குளிர்காலம் என்றால் வேதாரண்யமேதான்! காலையில் கோடியக்கரையில் வலசை வந்த பறவைகளைப் பார்க்கலாம்.

அதற்கப்பால் ஊர்கள் சிறியவை, சாலையில் ஆடுமாடுகள் குறுக்கிடும். பகலிலேயே கடந்துவிடுங்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது, மாலைக்குப் பிறகு வண்டிகளை விடுவதுமில்லை. ராமேசுவரத்தில் அறை எடுத்து, மறுநாள் காலையில் போய் வாருங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். கிளம்பும் முன் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். அறையை முன்பதிவு செய்யும்போதே, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.