சமயம் தளர்கின்றதா? ஆன்மிகம் வளர்கின்றதா?

தாம்பரத்திற்கும் பெருங்களத்தூருக்கும் இடையே, பெருஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் இரும்புலியூர். இவ்வூர்ப் பெயரைக் கேட்குந்தோறும் தில்லைக்குரிய பெரும்பற்றப்புலியூர் என்னும் திருப்பெயர் சைவ அன்பர் நெஞ்சில் எழுதல் இயல்பு. புகைவண்டியும் புறவழிச்சாலையும் பல ஊர் மக்களை இப்பகுதிக்குக் கொணர்ந்து சேர்த்துள்ளன. அடுக்குமாடி வீடுகள் பெருகியுள்ளன. அவற்றின் இடையே யோகப் பயிற்சிக்கும் தியான வகுப்பிற்கும் அழைக்கும் பலகைகளும் பெருகியுள்ளன. “எம் பிள்ளைகள் தியானம் செய்கின்றனர், திருக்கோயிலுக்கு மட்டும் வருவதில்லை. கேட்டால், ‘எமக்கு ஆன்மிகம் போதும், சமயம் வேண்டா’ என்கின்றனர்” என்று பெரியவர் பலர் வருந்திக் கூறக் கேட்கின்றோம். இவ்வருத்தம் தக்கதுதானா? சமயம் உண்மையிலேயே தளர்கின்றதா? இவ்வினாவை விழாக்காலத்தில் கூடியுள்ள அன்பர்களோடு சேர்ந்து ஆராய்வது பயனுடையதாகும்.

முதற்கண் உலகநிலையை நோக்குவோம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமக்குச் சமயம் இல்லை என்றவர் நூற்றுக்கு 25 பேர். 2021-இல் அவர் தொகை நூற்றுக்கு 37 ஆயிற்று. அமெரிக்க நாட்டில் பியூ ஆய்வு மையம் 2012-இல் வினவியபோது, ‘யாம் ஆன்மிக நாட்டம் உடையோம், ஆயினும் சமயப் பற்றுடையோம் அல்லேம்’ என்ற கருத்தினர் நூற்றுக்கு 19 பேர். 2017-இல் 27 பேர். ஆகவே, இவ்விரு சொற்களையும் வேறு வேறாகப் பிரித்து வழங்கும் போக்கு மேலைநாடுகளில் வலுப்பெற்றுள்ளது என்பது தெளிவு.

நம் நாட்டு நிலை அத்தகையதன்று. அதே மையம் 2019-இன் இறுதியிலும் 2020-இன் தொடக்கத்திலும் இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரை வினவியது. அவருள் நூற்றுக்கு 97 பேர் கடவுள் உண்டு என்றனர். எனினும், தம் வாழ்வில் சமயம் மிக இன்றியமையாதது என்றவர் நடு இந்தியாவில் நூற்றுக்கு 92 ஆக, தென்னிந்தியாவில் 69 ஆக இருந்தனர். கடவுள் நம்பிக்கை நிலைத்துள்ளது. சமய ஒழுக்கத்திற்கு அளிக்கும் இடமே தென்னாட்டில் சற்றுக் குறைந்து காணப்படுகின்றது. ஆதலின், நாம் ஆராய வேண்டுவது கடவுளை மறுப்பவரைப் பற்றியன்று. கடவுளை ஏற்றும் கோயிலை ஏலாதவரைப் பற்றியே ஆகும்.

இனி, ஆன்மிகம் என்னும் சொல்லை நோக்குவோம். ஆன்மாவைப் பற்றியது ஆன்மிகம். சைவ சித்தாந்தம் கூறும் முப்பொருள்களாகிய பதி, பசு, பாசம் என்பவற்றுள் பசுவே ஆன்மா. அதன் இயல்பு யாது? சார்ந்ததன் வண்ணமாதல் என்பர் நம் ஆசிரியர். பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல, உயிரும் தான் சார்ந்த பொருளின் தன்மையை எய்தும். அது ஒன்றையும் சாராது தனித்து நிற்பதில்லை. பதியைச் சாராத உயிர் பாசத்தைச் சார்ந்தே நிற்கும். “யாம் எதையும் சாராமல் எம்முள்ளேயே அமைதி காண்போம்” என்பவர், அங்ஙனம் கண்ட அமைதி அருளைச் சார்ந்ததா, ஆணவத்தைச் சார்ந்ததா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். இவ்வினாவை எழுப்பி வழிகாட்டுவதே சமயத்தின் தொழில்.

யோகமும் தியானமும் சைவத்திற்குப் புறம்பானவை அல்ல. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் மூன்றாவதாக யோகம் வைக்கப்பட்டுள்ளது. சரியை தொண்டர் நெறி, கிரியை மைந்தர் நெறி, யோகம் தோழர் நெறி, ஞானம் சன்மார்க்கம். அப்பர் பெருமான் உழவாரப் படை ஏந்திச் சரியையையும், ஞானசம்பந்தர் கிரியையையும், தம்பிரான் தோழராகிய சுந்தரர் யோகத்தையும், மணிவாசகர் ஞானத்தையும் விளக்கியருளினர் என்பது மரபு. இந்நான்கினையும் அரும்பு, மலர், காய், கனி என்பவற்றோடு ஒப்பிட்டார் தாயுமானவர். காயை விரும்புவோன் அரும்பைக் கிள்ளி எறிதல் அறியாமையன்றோ? மற்றும், அரும்பே போதும் என்று நின்றுவிடுவோனும் கனியின் சுவையை அறியான். யோகம் மட்டும் போதும் என்னும் இளைஞர்க்கும், வலம்வந்து திருநீறு பெற்றால் போதும் என்று அமையும் முதியோர்க்கும் இவ்வுவமை ஒருசேர அறிவு புகட்டுகின்றது.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியா எனின், அன்று. இன்று சமயம் கடந்த ஆன்மிகத்தை நாடும் உலகோர் பலர் தம் வழிகாட்டியாகப் போற்றுபவர் திருவண்ணாமலை இரமண மகரிஷி (1879–1950). ‘நான் யார்’ என்னும் ஆன்ம விசாரமே அவர் காட்டிய வழி. கடவுள் மறுப்பை நாடெங்கும் பரப்பிய பெரியார் ஈ.வெ.ரா. தோன்றியதும் அதே 1879-ஆம் ஆண்டே என்பது எண்ணத்தக்கது. ஒரே காலம் ஒரே நாட்டில் மறுப்பையும் உள்முகத் தேடலையும் ஒருங்கே ஈன்றது. ஆகவே, இன்று நாம் காணும் நிலை முற்றிலும் புதியதன்று.

அவ்விரமணரின் உள்ளத்தில் முதற் பொறியை மூட்டியது எது? இளமையில் அவர் படித்த பெரியபுராணமே. 1896-ஆம் ஆண்டு மதுரையில் அவர்க்கு மெய்யுணர்வு வாய்த்தது. அதன்பின்னும் அவர் மீனாட்சியம்மை திருக்கோயிலுக்குச் சென்று, அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் கண்ணீர் மல்க நின்று, அவர்தம் பத்தி தமக்கும் வாய்க்க வேண்டினார். அவ்வாண்டிலேயே அண்ணாமலையை அடைந்தார். தம் அன்னையாரின் சமாதியின்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்தின் குடமுழுக்கு 1949-ஆம் ஆண்டு அவர் திருமுன்னரே நிகழ்ந்தது. கனியை எய்திய பெரியார் ஒருவர் அரும்பையும் மலரையும் இகழவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அப்பெரியபுராணத்தை அருளிய சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூர் நம் தாம்பரப் பகுதிக்கு அண்மையிலுள்ள திருவூர். அவர் எடுப்பித்த திருநாகேச்சுரம் இன்றும் அங்கே விளங்குகின்றது. கடல் கடந்த நாடுகளினின்றும் மக்கள் அண்ணாமலையை நாடி வருகின்றனர். அவர்களை ஈர்க்கும் அவ்வருளொளியின் ஒரு பொறி குன்றத்தூரில் பிறந்தாரின் நூலினின்று எழுந்தது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகட்கு எடுத்துரைப்போர் எத்தனை பேர்?

“வள்ளற்பெருமான் சமயங்களைக் கடந்து நின்றாரன்றோ?” என்று வினவுவோரும் உளர். உண்மையே. இராமலிங்க அடிகள் (1823–1874) தம் நிறைநிலையில் சமயப் பிணக்குகளை விலக்கிப் பொதுநெறி கூறினார். ஆயினும், கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் உள்ளம் உருகி வழிபட்டே அவர் அந்நிலையை எய்தினார். வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையை நிறுவினார். 1872-இல் சத்திய ஞானசபையை எழுப்பினார். தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. அவர் ஆன்மிகம் கண்மூடி அமர்ந்திருப்பதோடு முடியவில்லை. பிறர் பசிக்கு முன் கண் திறந்தது. தியானத்தால் நாம் எய்திய அமைதி மெய்யானதா என்பதை அறிய இதுவே உரைகல். அண்டை வீட்டார் துன்பத்தை அறியாத அமைதி, உறக்கத்தின் ஒரு வகையேயன்றி வேறன்று.

இப்பகுதியோடு தொடர்புடைய மற்றொரு சான்று மறைமலை அடிகள் (1876–1950). அவர் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார். அக்கல்லூரியே பின்னர் 1937-இல் தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. 1905-இல் சைவ சித்தாந்த மகாசமாசத்தைத் தோற்றுவித்த அப்பெரியார், 1911-இல் பல்லாவரத்தில் அமர்ந்து சமரச சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். பின்னர் அதற்குப் பொதுநிலைக் கழகம் எனப் பெயரிட்டார். சைவத்தில் ஊன்றி நின்றவரே பொதுமை பேசினார் என்பது நோக்கத்தக்கது. வேரூன்றிய மரமே வழிச்செல்வார் அனைவர்க்கும் நிழல் தரும்.

இனி, திருக்கோயில் அன்பர்கள் சிந்திக்கத்தக்கன சில உள. இளைஞர் கோயிலினின்று விலகுதற்குக் காரணம் நம்பிக்கையின்மை மட்டுமன்று. ‘திருநீறு ஏன் பூச வேண்டும்? பலிபீடம் எதைக் குறிக்கின்றது?’ என்று குழந்தை வினவும்போது, ‘சாமி விஷயத்தில் கேள்வி கேட்காதே’ என்று வாயடைத்தால், அவ்வினா மறைவதில்லை. வேறொரு வாயிலைத் தேடிச் செல்லும். முதன்மரியாதைக்கு வழக்காடுதலும், இறைவனோடு வாணிகம் பேசுவது போன்ற வேண்டுதலும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. நம் ஆகமநெறி வினாவிற்கு அஞ்சியதன்று. மாணாக்கர் வினவ ஆசிரியர் விடுக்கும் முறையிலேயே நம் சாத்திர நூல்கள் சில அமைந்துள்ளன.

இளைஞர்க்கும் ஒரு சொல் உண்டு. ஆன்மிகம் தனியொருவர் தம் அறைக்குள் தேடிக்கொள்ளக் கூடியதாக இருக்கலாம். ஆயின் அந்தியில் கருவறையில் விளக்கேற்றுவார் யார்? ஓதுவார் பாடக் கேட்பார் யார்? தேர்வடத்தைத் தனியொருவர் இழுத்தல் இயலுமோ? துன்பம் வந்துற்ற நாளில் தோள்கொடுக்கும் கூட்டம் ஒரே நாளில் உருவாவதன்று. பன்னாள் ஒரே வாயிலில் கூடி நின்றோரிடையே அது வளர்கின்றது. கேட்பாரின்றித் திருமுறை ஓதும் வழக்கம் ஓர் ஊரில் அற்றுப்போகுமாயின், நாளை அவ்வூரில் பிறக்கும் பிள்ளையின் உள்ளத்தில் பொறியை மூட்டுவது எது?

ஆகவே, சமயம் தளர்கின்றது என்று வருந்தி வாளா இருத்தல் நம் கடன் அன்று. ஆன்மிக நாட்டம் எழுந்த இளைஞர் பகைவர் அல்லர், அவர் பசியுடையார். பசியுடையார்க்கு உணவிருக்கும் இடத்தைக் காட்டுதல் வேண்டும். இல்லந்தோறும் நாளும் ஒரு திருப்பதிகம் பொருளுடன் ஓதப்படுக. திங்கள்தோறும் ஒரு நாள் பிள்ளைகளோடு கோயிலைப் பெருக்கி உழவாரப்பணி புரிக. பணியின் முடிவில் திருமுன் சிறிது நேரம் அனைவரும் மௌனமாக அமர்க. அப்பொழுது சரியையும் யோகமும் ஒரே திருமுற்றத்தில் கைகோத்து நிற்கக் காண்போம். சமயமும் ஆன்மிகமும் இரண்டல்ல என்பதைப் பிள்ளைகள் நாம் சொல்லாமலே உணர்வர்.

திருச்சிற்றம்பலம்.