துறவா, தனிமையா? கிரிவலப் பாதையில் முதுமையைப் புரிந்துகொள்வது எப்படி?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம். மறுநாள் காலையில் கூட்டம் வடிந்துவிடும். பேருந்துகள் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் வேலூருக்கும் திரும்பிவிடும். அப்போதும் அங்கேயே இருப்பவர்கள் கண்ணில் படுவார்கள். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை, மரத்தடியிலும் மண்டபத் திண்ணையிலும் காவி வேட்டியோடு, ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். அவர்களில் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஏராளம்.

கடந்து போகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: “எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டார், சாமி.”

உண்மையிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்களில் உண்டு. பிள்ளைகளோடு ஒத்துப்போகாமல் கிளம்பியவர்களும், மனைவி இறந்தபின் வீட்டில் இடமில்லாமல் போனவர்களும், மூணு வேளைச் சோற்றுக்கு வழி தேடி வந்தவர்களும் உண்டு. உடுத்தியிருக்கும் காவி எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால், இவர்களுக்கு பிபி பார்த்து மாத்திரை கொடுக்க வரும் செவிலியருக்கு அந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். இவர் ஒதுங்கினாரா, ஒதுக்கப்பட்டாரா? முதியோர் செவிலியர் பாடத்தில் வரும் இரண்டு பெரிய தலைப்புகள், அதாவது முதுமைக் கோட்பாடுகளும், ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகளும், இந்தக் கேள்வியில்தான் ஒன்றாகச் சேர்கின்றன.

கன்சாஸ் சிட்டியில் தொடங்கிய சண்டை

1961-ல் எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி என்ற இரு ஆய்வாளர்கள் ‘விலகல் கோட்பாடு’ ஒன்றை முன்வைத்தார்கள். கன்சாஸ் சிட்டி நகரத்து முதியவர்களிடம் நடத்திய ஆய்விலிருந்து வந்தது அது. வயதாக ஆக மனிதர் சமூகத்திலிருந்து மெல்ல விலகுகிறார், சமூகமும் அவரிடமிருந்து விலகுகிறது, இது இயல்பு, தவிர்க்க முடியாதது, எல்லா ஊருக்கும் பொதுவானது என்றார்கள். வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்றெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இந்தக் கோட்பாட்டுக்கு எதிர்ப்பும் சீக்கிரமே வந்தது. ராபர்ட் ஹேவிகர்ஸ்ட் போன்றவர்களின் ‘செயல்பாட்டுக் கோட்பாடு’, வேலையும் உறவும் குறையாமல் பார்த்துக்கொள்பவர்தான் நிம்மதியாக முதுமையடைகிறார் என்றது. பிறகு ராபர்ட் ஆட்ச்லியின் ‘தொடர்ச்சிக் கோட்பாடு’ வந்தது. இளமையில் எப்படியோ முதுமையிலும் அப்படியே; கலகலப்பானவர் கலகலப்பாகவே இருப்பார், தனிமை விரும்பி தனிமையையே விரும்புவார். நர்சிங் மாணவர்கள் தேர்வுக்கு இந்த மூன்றையும் வரிசையாக மனப்பாடம் செய்வார்கள். வார்டுக்குள் போன பிறகுதான், மூன்றும் ஒரே ஆளிடம் கலந்து கிடப்பது தெரியும்.

திருவண்ணாமலைக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரியான கோட்பாடு ஒன்றும் இருக்கிறது. ஸ்வீடன் சமூகவியலாளர் லார்ஸ் டார்ன்ஸ்டாம் 1980-களின் இறுதியில் சொன்ன ‘ஜெரோடிரான்சென்டன்ஸ்’. முதுமையில் சிலருக்குப் பொருள்மீதும் தன்மீதும் உள்ள பிடிப்பு தளர்கிறது, மேலோட்டமான அரட்டை சலிக்கிறது, தனிமை இனிக்கிறது, இறந்துபோன பாட்டியும் இன்னும் பிறக்காத பேரனும் ஒரே காலத்தில் இருப்பதுபோலத் தோன்றுகிறது, மரணபயம் குறைகிறது. இதை நோயாகப் பார்க்காதீர்கள், வளர்ச்சியாகப் பாருங்கள் என்றார் அவர். பார்ப்ரோ வாடென்ஸ்டென் என்ற ஸ்வீடன் செவிலியர் ஆய்வாளர் இதிலிருந்து முதியோர் இல்லங்களுக்கான வழிகாட்டுதல்களை உருவாக்கினார். பெரியவர் அமைதியாக உட்கார விரும்பினால் உட்காரட்டும், பாட்டு கிளாஸுக்கு இழுக்காதீர்கள். சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள் என்பது அதன் சாரம்.

நல்ல யோசனைதான். ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பாடும், சூடான அறையும், பென்ஷனும் உள்ள ஸ்வீடன் முதியவரின் அமைதியும், மூன்று நாளாகப் பேச ஆள் இல்லாத ஒருவரின் அமைதியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். காது மந்தமானவரும் பேச்சைக் குறைத்துக்கொள்வார். கண்புரை வந்தவரும் வெளியே போவதை நிறுத்திவிடுவார். மனச்சோர்வில் இருப்பவரும் “எனக்கு எதுவும் வேணாம்”னுதான் சொல்வார். இதையெல்லாம் வைராக்கியம் என்று எடுத்துக்கொண்டால், கண்ணாடியிலோ சின்ன அறுவை சிகிச்சையிலோ சரியாகக்கூடிய பிரச்சினைக்கு விபூதி பூசிவிட்டுப் போன கதையாகிவிடும்.

பதவி குறைந்தால் ஆயுளும் குறையுமா?

லண்டனில் 1967-ல் தொடங்கிய ‘வைட்ஹால்’ ஆய்வு, அரசு அலுவலக ஆண் ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், அதே நாட்டு இலவச மருத்துவம். ஆனாலும் பதவி ஒவ்வொரு படி இறங்க இறங்க இறப்பு விகிதம் ஏறியது. கடைநிலை ஊழியர்கள் உயர் அதிகாரிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இதய நோயால் இறந்தார்கள். சிகரெட், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டும் வித்தியாசத்தின் ஒரு பகுதிக்குத்தான் விளக்கம் கிடைத்தது.

இந்த ஆய்வில் பெயர்பெற்ற மைக்கேல் மார்மட் தலைமையில்தான் உலக சுகாதார நிறுவனம் 2005-ல் ஓர் ஆணையம் அமைத்தது. 2008-ல் வந்த அதன் அறிக்கை, மனிதர்கள் பிறக்கும், வளரும், வேலை செய்யும், முதுமையடையும் சூழல்தான் அவர்கள் எவ்வளவு காலம், எப்படி வாழ்வார்கள் என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது என்றது. வீடு, வருமானம், படிப்பு, சாதி, ஆணா பெண்ணா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் போன்றவைதான் சமூகக் காரணிகள்.

மாத்திரை ரெடி, சாப்பாடு எப்போ?

கிரிவலப் பாதையில் இருக்கும் சர்க்கரை நோயாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை எழுதியிருக்கிறது. “சாப்பாட்டோடு போடுங்க” என்பது அறிவுரை. அவர் சாப்பாடு அன்னதானம். பௌர்ணமி அன்று பத்து இடத்தில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்; சாம்பார் சாதம், தயிர் சாதம், கேசரி. சாதாரண செவ்வாய்க்கிழமை பகலில் எத்தனை மணிக்குக் கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சோறு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். ரோட்டோரம் ஒரு காவி வேட்டி மயங்கிக் கிடந்தால், போகிறவர்கள் தியானம் என்றோ போதை என்றோ நினைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இன்சுலின் எழுதினாலோ, குளிர்ச்சியாக வைக்க இடம் வேண்டும். இங்கே வீடே கிடையாது.

அடுத்தது கால். கிரிவலம் செருப்பில்லாமல் போவது மரபு. பல வருடச் சர்க்கரை நோயில் பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழக்கும். தார் ரோட்டின் சூடும், குத்திய முள்ளும் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, விரலை எடுக்கும் நிலை வரை போகலாம். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக்குச் செவிலியருக்கு ஒரு நிமிடம் போதும். “வெறுங்காலோட நடக்காதீங்க சாமி”ன்னு சொல்லிவிட்டுப் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. விடிகாலையில், தரை சூடேறும் முன் நடங்க, நடந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க, கண் சரியாகத் தெரியலைன்னா பக்கத்துச் சாமியைப் பார்க்கச் சொல்லுங்க என்றால் கேட்க வாய்ப்புண்டு.

கதவைத் தட்டும் திட்டம்

தமிழ்நாட்டில் இந்தச் சமூகக் காரணிகளைப் பெரிய அளவில் தொட்ட திட்டம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பிபி மாத்திரைகள், பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வரும். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. பஸ் காசு இல்லாததால், கூட்டிப்போக ஆள் இல்லாததால் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு இது பெரிய விஷயம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரவேண்டியவர்களுக்கு இன்னும் பெரிய விஷயம்.

ஆனால், இது கதவைத் தட்டும் திட்டம். கதவே இல்லாதவரை எங்கே தேடுவது? நேற்று அக்னி லிங்கத்தருகே படுத்தவர் இன்று வாயு லிங்கத்தருகே இருப்பார். முதியோர் உதவித்தொகையிலும் இதே சிக்கல்தான். 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்த அந்தத் தொகைக்கு முகவரிச் சான்று வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். ஆதாரில் வெளிமாநில முகவரி இருந்தால் விண்ணப்பமே சிரமம். முகவரி என்பதும் ஒரு மருந்துதான் போலிருக்கிறது.

வீடு உள்ளவர்கள் கதையும் எளிதல்ல. வயலில், கட்டட வேலையில், ஆரணிப் பக்கம் பட்டுத் தறியில் வாழ்நாள் முழுக்க உழைத்த பெண்ணின் பெயரில் பெரும்பாலும் சொத்தும் இருக்காது, பி.எஃப்-உம் இருக்காது. கணவர் போனதும் எந்தப் பிள்ளை வீட்டில் எத்தனை நாள் என்பது மற்றவர்கள் முடிவாகிவிடும். எழுபது வயதில் அவர் மூலையில் சுருண்டு உட்காருவதை ‘விலகல்’ என்று கோட்பாடு சொல்லலாம். முப்பது வயதிலேயே அவருக்குக் கூலி குறைவாகக் கொடுத்தபோதே அது தொடங்கிவிட்டது.

துறவின் ஊரான இங்கேயே வேறொரு கதையும் இருக்கிறது. பதினாறு வயதில், 1896-ல், வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தவர் ரமணர். அவருடைய தாய் அழகம்மாள் 1916-ல் மகனிடமே வந்து சேர்ந்து, ஸ்கந்தாசிரமத்தில் சமையல் செய்து, 1922-ல் இறக்கும்வரை அவருடனே இருந்தார். இறுதிநேரத்தில் மகன் பக்கத்திலேயே இருந்தார். எல்லாவற்றையும் துறந்தவர்கூட, முதுமையில் தேடி வந்த தாயைத் திருப்பி அனுப்பவில்லை.

தமிழ்நாட்டில் 2021-ல் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதத்தைத் தொடும் என்பது அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்தபடியாக வேகமாக நரைக்கும் மாநிலம் இது. பிள்ளைகள் ஓஎம்ஆரிலோ ஒயிட்ஃபீல்டிலோ இருக்க, பெற்றோர் ஊரில் இருக்கும் வீடுகளும் இந்தக் கணக்கில் அடக்கம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தானாக அமைதியைத் தேடிக்கொண்டவருக்குத் தூக்கமும் பசியும் கெடுவதில்லை. விரும்பியவரிடம் நன்றாகவே பேசுவார். அவருடைய நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். மனச்சோர்வில் எடை குறையும், விடிகாலையில் விழிப்பு வரும், பிடித்த விஷயமும் பிடிக்காமல் போகும், “நான் பாரம்” என்ற பேச்சு வரும். முதியோர் மனச்சோர்வைக் கண்டறிய 15 கேள்விகள் கொண்ட அளவுகோல் உள்ளது. ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். அதற்கு முன் காது, கண், தைராய்டு, பி12 ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

சமூகக் காரணிகளைக் கேட்கத் தனிப் படிவம்கூட வேண்டாம். “சாமி, நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க? மாத்திரை யார்கிட்ட இருக்கு? கடைசியா யார்கூடப் பேசினீங்க? உடம்பு முடியலைன்னா யாருக்குச் சொல்றது?” இந்த நாலு கேள்விக்கும் வரும் பதிலைப் பார்த்துத்தான் எந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு, அடுத்து எப்போது பார்ப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

ஊரில் அம்மா, அப்பா இருப்பவர்கள் போனிலும் இதைச் செய்யலாம். “சாப்டியாம்மா?” என்றால் “ஆச்சுப்பா” என்ற பதில்தான் வரும். “மத்தியானம் என்ன குழம்பு? யார் செஞ்சா? கோயிலுக்குப் போய் எத்தனை நாளாச்சு?” என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். வாரம் மூன்று முறை கோயிலுக்குப் போனவர் ஒரு மாதமாகப் போகவில்லை என்றால், முழங்காலா, கண்ணா, மனசா என்று பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட முதியவரை எங்கே பார்த்தாலும் அழைக்க, மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள்.