அரங்கில் ஏற்பும் அலுவலகத்தில் மௌனமும்

கண்டியைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களில் மாசி மாதம் நிகழும் காமன் கூத்திலே ரதியின் வேடத்தைத் தாங்குபவர் மரபுவழியாக ஓர் ஆடவரே. பகலிற் கவ்வாத்து வெட்டிய தொழிலாளி இரவிலே பெண்ணுருக்கொண்டு காமன் பொட்டலில் ஆடுகையில், லயத்து மக்கள் அதனைப் பக்தியுடன் ஏற்கின்றனர். வேடமும் வாழ்வும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். எனினும், ஆண், பெண் என்னும் வரம்புகள் சடங்கினுள்ளே நெகிழ்வதை ஏற்கும் சமுதாயம், அந்நெகிழ்ச்சியை ஒருவர் தம் வாழ்வாக வரித்துக்கொண்டதும் வெகுள்வது ஏன்?

விடையின் ஒரு பகுதி குடியேற்ற வரலாற்றிற் கிடக்கின்றது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வழியாக, அக்காலப் பிரித்தானிய முதலாளித்துவத்தின் குடும்ப ஒழுக்கம் இங்கு சட்டமாயிற்று. அதன் 365அ பிரிவு 1995இல் நீக்கப்படவில்லை. மாறாக, பெண்களையும் உள்ளடக்குமாறு விரிக்கப்பட்டது. இதனைத் திருத்த முனைந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் அது நிறைவேறாமலே 2024இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

இப்பின்னணியிலேயே கலை நிகழ்வுகளின் பணியை நாம் மதிப்பிடல் வேண்டும். பிரித்தானிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தன்பாலீர்ப்பினரும் திருநரும் ஆகிய ஊழியர்கள் தமக்கெனக் குழுக்கள் அமைத்துத் திரைப்படக் காட்சி, ஓவியக் கண்காட்சி, வாசிப்பரங்கு முதலியவற்றை நடத்துகின்றனர். மேலோட்டமாக இவை பொழுதுபோக்கே. ஆனால், தம் துயரைத் தனிமனிதக் குறையென எண்ணியிருந்த எழுதுவினைஞர், அதே துயருடைய பிறரை அங்கேதான் முதன்முதலிற் காண்கின்றார். தனிமை கூட்டுணர்வாகின்றது, அதன்பின்னரே பதவியுயர்வு, ஓய்வூதியம் பற்றிய கோரிக்கைகள் உருப்பெறுகின்றன.

1984-85இன் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இதற்குத் தக்க சான்று. 1984 டிசம்பரில் இலண்டனிலே தன்பாலீர்ப்பினர் நடத்திய இசை நிகழ்ச்சி, வேல்ஸ் சுரங்கக் குடும்பங்களுக்காக 5,000 பவுணுக்கு மேல் திரட்டியது. மறு ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பினர் உரிமைத் தீர்மானம் வெற்றிபெறச் சுரங்கத் தொழிற்சங்கம் துணைநின்றது. ஓர் இசையிரவு வர்க்க ஒருமைப்பாடாயிற்று.

இலங்கையிலே 2004இல் தோன்றிய 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்பு, 2005 முதல் கொழும்பிற் பெருமித விழாவை நடத்தலாயிற்று. இம்முயற்சி போற்றற்குரியது. ஆயினும், தலைநகரின் அரங்கு தோட்டத் தொழிலாளியின் லயத்திலிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. அவரது மொழியிலும் அவரது களத்திலும் நிகழாத கலை அவரைச் சென்றடையாது.

கல்வியாளர் பலரால் பாமரர் ஆட்டமென ஒதுக்கப்பட்ட கூத்தை, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' வாயிலாகப் பேராதனைப் பல்கலைக்கழக அரங்கில் ஏற்றினார். புறக்கணிக்கப்பட்ட கலைக்கு மதிப்பளித்த மண் அது. புறக்கணிக்கப்பட்ட மனிதருக்கும், அவர் விரிவுரையாளராயினும் துப்புரவுத் தொழிலாளியாயினும், அம்மதிப்பு உரியது. கூத்து முடிந்து விடிந்த பின்னரும் அது நிலைத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு.