மீகாமன் கருவியை நிறுவுமாறு

எம் கல்லூரியின் பழைய இதழ்களுக்குச் சொல்லடைவு ஒன்று வகுக்கத் தமிழ் ஆனர்ஸ் மாணாக்கராகிய யாம் சென்ற ஆண்டு தலைப்பட்டோம். அதற்கு வேண்டிய நிரலைக் கணினியியல் வகுப்பு நண்பரொருவர் எழுதித் தந்தார். தந்தவர், அது குபர்னெட்டிஸ் என்னும் மேடையில் இயங்குவதென்றும், அதனை ஆளுதற்குரிய கட்டளைவரிக் கருவியை எம் கணினியில் நிறுவிக்கொள்ளவேண்டுமென்றும் கூறிவிட்டு, விடுமுறைக்குத் தம் ஊர் சென்றார். யாம் அக்கருவியோடு மூன்று நாள் உழன்றோம். உழன்றது அதன் அருமையாலன்று; அஃது இன்னதென அறியாமையால். பின்வரும் மாணாக்கர் அம்மூன்று நாளை இழவாதிருத்தற்பொருட்டே இதனை எழுதலாயினோம்.

முதற்கண் பெயரை ஆராய்வாம். குபர்னெட்டிஸ் என்பது மரக்கலத்தைச் செலுத்தும் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அப்போஸ்தலருடைய நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், பவுலின் எச்சரிக்கையினும் மிகுதியாக நூற்றுக்கதிபதி நம்பிய மாலுமிக்குக் கிரேக்க மூலத்தில் நிற்பது இச்சொல்லே. சீகன்பால்கு ஐயர் கிரேக்கத்தினின்று மொழிபெயர்த்த சுவிசேஷங்களும் நடபடிகளும் 1714ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் அச்சேறின. கூகுள் நிறுவனத்தார் இப்பெயரிட்ட மென்பொருளை உலகிற்கு அறிவித்தது 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். ஆகவே, மென்பொருள் புதிதாயினும், அதன் பெயர்ச்சொல்லின் பொருள் முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே காவிரிக் கழிமுகத்தில் தமிழாயிற்று.

இம்மீகாமன் நடத்துவன கொள்கலங்கள். கலம் என்பது நம் நாட்டில் பாண்டத்திற்கும், மரக்கலத்திற்கும், பன்னிரண்டு மரக்கால் நெல்லுக்கும் பெயராதலின் இச்சொல் நமக்குப் பழகியதே. ஒரு நிரல் இயங்குதற்கு வேண்டிய துணைக் கோப்புகள் யாவற்றையும் அதனோடு ஒருங்கே பொதிந்துவைத்தது கொள்கலம் எனப்படும். விதைநெல்லை வைக்கோற்புரி சுற்றிக் கோட்டையாகக் கட்டிவிட்டால், எவ்வூர் வயலுக்குச் சுமந்து சென்றாலும் உள்ளிருக்கும் விதை மாறாதவாறு போல, நிரலும் எந்திரந்தோறும் ஒரு தன்மைத்தாய் இயங்கும். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த டாக்கர் என்பதனால் இம்முறை பரவிற்று. கலங்கள் பலவாகி, அவற்றைச் சுமக்கும் எந்திரங்களும் பலவானபோது, எது எங்கே இயங்கவேண்டும், ஒன்று வீழ்ந்தால் அதனிடத்தில் எதனை எழுப்பவேண்டும் எனக் கண்காணிக்க மீகாமன் வேண்டியதாயிற்று.

நிற்க. யாம் நிறுவவேண்டிய கருவியின் பெயரை 'கியூப்சிடிஎல்' என எழுத்துக்கூட்டியும், 'கியூப் கண்ட்ரோல்' என விரித்தும் வழங்குவர். இது மேடையன்று, மேடைக்கு ஓலை கொண்டு செல்லும் தூதன் மாத்திரமே. இவ்வொன்றை அறிந்திருந்தால் எமக்கு இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

லினக்ஸ் கணினியில் இது ஒரே கோப்பாக வந்து சேரும். இறக்குமுன் இரண்டு பொருத்தம் காணல் வேண்டும். கணினியின் செயலி இன்டெல், ஏஎம்டி வகையினதோ, ஏஆர்எம் வகையினதோ என்பது ஒன்று. மாறி இறக்கினால் கோப்பு இயங்க மறுக்கும். மற்றொன்று பதிப்பு. மேடை 1.32 ஆயின் கருவி 1.31, 1.32, 1.33 என்பனவற்றுள் ஒன்றாதல் வேண்டும். அதனினும் விலகுதல் ஆகாது. தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் நல்லனவேயாயினும், அளவிற் பெரியவாய்த் தாளை விழுங்கினமையால், சிற்றெழுத்துகளை இங்கேயே வார்க்க நேர்ந்தமை நினைக்கத்தக்கது.

இறக்கிய கோப்பை உடனே இயக்குதல் கூடாது. இதனை யாம் பட்டு அறிந்தோம். விடுதியில் இரவு இறக்குகையில் இணைப்பு அறுந்து கோப்புக் குறைபட்டது. அதனை அறியாது நிறுவி, அது விழுந்தபோதெல்லாம் கணினியை நொந்தோம். களத்தில் நெற்பொலியின்மேல் சாம்பலாற் குறியிட்டு வைத்தால், ஒரு படி நெல் அள்ளினும் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும். அத்தகைய குறியொன்றை வெளியீட்டாளரும் தருகின்றனர். ஷா-256 எனப்படும் அது, எண்ணும் எழுத்தும் விரவிய 64 குறிகளாலாகிய ஒரு வரி. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அவ்வரி முழுதும் வேறாகிவிடும். கோப்பையும் அவ்வரியையும் ஒத்துப்பார்க்கும் கட்டளைக்கு 'ஓகே' என விடை வந்தாலன்றி மேற்செல்லற்க. ஒருவர் கொண்டுவரும் பென்டிரைவிலிருந்து படியெடுப்பார்க்கு இது பின்னும் இன்றியமையாதது.

பின்னர் அதற்கு இயங்கும் உரிமை கொடுத்து, பொது நிரல்கள் வாழும் அடைவில் வைத்தல் வேண்டும். கல்லூரிக் கணினியில் அவ்வடைவைத் தொட மாணாக்கர்க்கு அதிகாரம் இல்லையாயின், தம் இல்ல அடைவினுள் ஓரிடத்தில் வைத்து, அவ்விடத்தைப் 'பாத்' என்னும் தேடுவழியிற் சேர்த்தல் போதும். வெர்ஷன் கட்டளையைக் 'கிளையன்ட்' என்னும் குறிப்போடு இட, பதிப்பெண் தோன்றுமாயின் நிறுவுதல் முடிந்தது.

எம்மை மிகவும் மயக்கியது இதன்பின் நிகழ்ந்ததே. பதிப்பெண் கண்ட மகிழ்ச்சியில் மேடையின் நிலையை வினவினோம். 8080ஆம் வாயிலில் தொடர்பு மறுக்கப்பட்டதென விடை வந்தது. கருவி பழுதென்றெண்ணி நான்கு முறை அழித்து நிறுவினோம். பழுது ஒன்றுமில்லை. வயல் மடையைத் திறந்தவன், மேட்டூரில் நீர் திறவாதிருக்க, மடையைப் பெயர்த்துப் பெயர்த்து வைத்தது போலாயிற்று. மேட்டூரில் ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபேயாயினும், திறவாத ஆண்டுகளும் உண்டென்பதை நம் உழவர் அறிவர். அவர் மடையை நோவதில்லை.

மேடை இருக்குமிடத்தையும் புகுதற்குரிய சான்றினையும் கூறும் அமைப்புக் கோப்பு, இல்ல அடைவினுள் 'கியூப்' என்னும் மறை அடைவில் இருத்தல் வேண்டும். நண்பர் அதனை அனுப்பியபின் ஒரு நொடியில் விடை வந்தது. பிறர் மேடை கிட்டாதவர் மினிகியூப் என்பதை நிறுவி, தம் கணினியிலேயே சிறு மேடை எழுப்பலாம். அஃது அமைப்புக் கோப்பையும் தானே எழுதிவிடும். அதற்கு 2 செயலிகளும், 2 ஜிபி நினைவகமும், 20 ஜிபி வட்டிடமும் வேண்டும்.

அமைப்புக் கோப்பில் இருப்பது திறவுகோலே யாதலின், அதனை வாட்ஸப் குழுவில் இடுதல் தகாது. எம் குழுவில் ஒருவர் இட்டுவிட்டார். நண்பர் ஊரிலிருந்தபடியே பழைய சான்றினை நீக்கிப் புதியது வழங்க வேண்டியதாயிற்று.