மணலில் கொட்டிய மனபாரம்

சில குழந்தைகள் ஓயாமல் அழும். சில, யாரைக் கண்டாலும் அடிக்கும். சில, வாயே திறக்காது. "பிடிவாதம்" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். ஆனால், மனதில் இருக்கும் பயத்தைச் சொல்லக் குழந்தைக்கு வார்த்தை தெரியாது.

இத்தகைய குழந்தைகளுக்காக, 1928-ல் லண்டனில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார், மார்கரெட் லோவன்பெல்டு என்ற பெண் டாக்டர். அங்கே கொடுத்த மருந்து என்ன தெரியுமா? ஒரு தட்டு மணல்; ஒரு பெட்டி நிறையச் சின்னஞ்சிறு பொம்மைகள்!

குழந்தைகள் வீடு, மரம், மனிதர், மிருகங்களை மணலில் வைத்து விளையாடினார்கள். அதற்கு "உலகம்" என்று அவர்களே பெயர் வைத்தார்கள். வாயால் சொல்ல முடியாததை அந்த உலகம் சொன்னது. டாக்டர் தாமாக அர்த்தம் கற்பிக்கவில்லை, பொறுமையாகக் கவனித்தார்.

உங்கள் குழந்தை பொம்மையை அடிக்கிறதா? உடனே அதட்டாதீர்கள். அருகில் உட்கார்ந்து பாருங்கள். அது உங்களிடம் எதையோ சொல்லிக் கொண்டிருக்கலாம்.