விழா முடிந்த மறுநாள்

சென்னை மாநகரின் வடபால், இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாக நீண்டு கிடக்கும் நிலப்பகுதி உழைப்பாளர் உறையும் பகுதியாகும். ஒருபால் துறைமுகமும் தொழிற்சாலைகளும். மற்றொருபால் மீனவர் குப்பங்கள். இடையே சரக்கு வண்டிகள் இரவும் பகலும் ஓயாது செல்லும் நெடுஞ்சாலை. காற்று வாங்க நகர மாந்தர் நாடிச் செல்லும் கடற்கரைகளுள் ஒன்றாக இதனை எவரும் எண்ணுவதில்லை. ஆயினும், ஆண்டில் சில நாட்கள் பெருங்கூட்டம் இக்கரையை நோக்கித் திரண்டு வருகின்றது. விநாயகர் சதுர்த்தி கழிந்தபின், வழிபட்ட திருவுருவங்களைக் கடலிற் கரைக்கும் நாட்களே அவை.

சென்னையில் அதற்கென ஒதுக்கப்படும் இடங்களுள் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும் திருவொற்றியூர்க் கடற்கரையும் அடங்கும். வண்டிகளில் ஏற்றிய திருவுருவங்கள் மேளமுழக்கத்துடன் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். சிறியவற்றைத் தோளிற் சுமந்து அலைக்குள் இறங்குவர். பெரியவற்றைப் பளுதூக்கும் பொறி எடுத்து நீரில் விடும். காவலரும் தீயணைப்புப் படையினரும் மீனவரும் உடனிருந்து காப்பர். நள்ளிரவுக்குள் கூட்டம் கலைந்துவிடும். காண்பதற்கு இனிய காட்சிதான், அதனை மறுப்பாரில்லை.

மறுநாட் காலையில் அதே கரைக்குச் சென்று காண்போர் வேறொரு காட்சியைக் காண்பர். முழுதும் கரையாத கைகளும் தலைகளும் நீரோரத்திற் புரண்டு கிடக்கும். உருவத்திற்கு உள்ளீடாக நின்ற மரச்சட்டங்கள், வைக்கோற் புரிகள், இரும்புக் கம்பிகள். மேலே சாத்திய பட்டுத் துணிகள், சரிகைத் தாள்கள், காகிதக் குடைகள். பூசைக்கு வந்த மாலைகள், நெகிழிப் பைகள். வந்தவர் உண்டு எறிந்த தட்டுகள், பருகி எறிந்த குவளைகள், நீர்ப்புட்டிகள் என இவையெல்லாம் ஈர மணலிற் பாதி புதைந்தும் பாதி மிதந்தும் காணப்படும். மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர் விடியுமுன்னரே வந்து, கூடைகளாலும் மண்வாரி எந்திரங்களாலும் அவற்றை அள்ளத் தொடங்கியிருப்பர். ஒரு பொழுதில் எழுந்த குப்பையை அகற்ற அவர்க்குப் பல பொழுதுகள் வேண்டியிருக்கும். அவர்களால் அள்ள முடிவது மணலிற் கிடப்பதை மட்டுமே. நீருக்குள் சென்றது எஞ்சுகின்றது.

'அதனைக் கடல் கொண்டுபோய்விடும்' என்பது பலருடைய எண்ணம். கடல் கொண்டுபோவது உண்மைதான். எங்கே கொண்டுபோகின்றது என்பதே வினா.

கரையோரக் கடலில் நீர் ஒரே இடத்தில் நில்லாது. ஆற்றைப் போலவே அதற்கும் ஓட்டம் உண்டு. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ஓட்டத்தைச் சென்னைக் கரையின் மீனவர் 'தெண்டி' என்பர். வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வருவதனை 'வன்னி' என்பர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் தெண்டியும், வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் வன்னியும் மிகுந்து நிற்கும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் தெண்டியே மிகுதி. ஆதலின் கரையோர மணலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்ந்துகொண்டிருக்கின்றது.

இம்மணல் நகர்ச்சிக்குச் சென்னைத் துறைமுகமே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலுக்குள் கற்சுவர்களை நீட்டி அத்துறைமுகத்தை அமைத்தனர். 1881ஆம் ஆண்டின் புயல் அச்சுவர்களைப் பெரிதும் சிதைத்தபோதும், அவை மீண்டும் எழுப்பப்பட்டன. வடக்கே செல்ல வேண்டிய மணலைச் சுவர்கள் தடுத்தமையால், அம்மணல் தென்புறத்தில் தங்கிற்று. மெரினாக் கடற்கரை இன்றுள்ள அகலத்தைப் பெற்றது. வடபுறத்திற்கு வரவேண்டிய மணல் வாராமையால், இராயபுரத்திற்கு வடக்கே கடல் கரையை அரித்து உள்ளே புகுந்தது. வீடுகளும் தெருக்களும் அலைக்கு இரையாயின. தென்சென்னைக்கு அழகிய கடற்கரை கிடைத்ததன் விலையை வடசென்னை கொடுத்தது எனலாம். அரிப்பைத் தடுக்கப் பெருங் கருங்கற்களைக் கரை நெடுகக் குவித்தனர். 'தூண்டில் வளைவு' எனப்படும் கல்லணைகளையும் பின்னர்க் கடலுக்குள் நீட்டினர்.

விழாக் குப்பைக்கும் இதற்கும் தொடர்பு யாதெனின், திருவுருவங்களைக் கரைக்கும் நாட்கள் பெரும்பாலும் ஆவணியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ வருகின்றன. அப்போது தென்மேற்குப் பருவக்காற்று முற்றும் ஓய்ந்திராது. காசிமேட்டில் இட்ட மிதவைப் பொருள்கள் அவ்வோட்டத்தால் திருவொற்றியூரை நோக்கியும், திருவொற்றியூரில் இட்டவை எண்ணூரை நோக்கியும் செல்லும். செல்லும் வழியில் அக்கருங்கற் குவியல்கள் சல்லடைபோல் நின்று அவற்றை ஏற்கின்றன. மணலிற் கிடக்கும் குப்பையைத் துடைப்பத்தாற் கூட்டலாம். ஆளுயரக் கற்களின் இடுக்கிற் புகுந்ததனை எவ்வாறு எடுப்பது? கற்களுக்கும் தப்பியவை, கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை அடைகின்றன. இறாலும் நண்டும் பிடித்து வாழ்வோர்க்கு அக்கழிமுகமே வயல்.

நீரோட்டத்தின் ஆற்றலை ஐயுறுவோர் 2017ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் நிகழ்ந்ததனை நினைவுகூரலாம். எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்திற்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்', 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் கொட்டிய இடத்திலேயே நின்றுவிடவில்லை. அது வன்னியோட்டத்தின் காலம். ஆதலால் எண்ணெய் தெற்கே பரந்து, திருவொற்றியூரைக் கடந்து, மெரினாவையும் எட்டிற்று. எர்ணாவூர்க் கரையில் கல்லிடுக்குகளிற் படிந்த கரிய பிசுக்கை மீனவரும் மாணவரும் தொண்டரும் வாளிகளால் முகந்து முகந்து எடுத்தனர். ஓரிடத்தில் விடப்பட்டது பிறிதோரிடத்தின் துன்பமாயிற்று.

இனி, கரைக்கப்படும் பொருளின் இயல்பைக் காண்போம். குளத்திலும் ஆற்றிலும் படிந்த வண்டலைக் குழைத்துச் சுடாமல் உலர்த்திச் செய்த உருவம், நீர் பட்டவுடன் நெகிழ்ந்து சில மணி நேரத்திற் சேறாகிவிடும். மண் மண்ணோடு சேரும். நீரிலிருந்து எடுத்ததனை நீருக்கே திருப்பித் தருவது என்னும் வழக்கத்தின் பொருத்தம் இதனால் விளங்கும். 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்னும் வெண்பொடியின் இயல்பு இதற்கு மாறானது. ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சூடேற்றி, அதிலுள்ள நீரின் பெரும்பகுதியைப் போக்கினால் அப்பொடி கிடைக்கும். அதனோடு நீரைச் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகி மீண்டும் ஜிப்சமாகிவிடும். ஜிப்சமோ ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ இரண்டரை கிராம் அளவே கரையும். ஆகவே, அதனாற் செய்த பேருருவம் கடலில் கரைவதில்லை, உடைகின்றது, அவ்வளவே. விலை குறைவு, எடை குறைவு, வார்ப்பது எளிது என்னும் காரணங்களால் அது பரவிற்று. அதன்மேற் பூசும் மலிவான வண்ணங்களுட் சிலவற்றில் ஈயம், குரோமியம் முதலிய நச்சு உலோகங்களும் உள்ளன.

வெண்ணிறத் தெர்மாகோல் இன்னும் கொடியது. அதன் பருமனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேற்பட்டது காற்றே; ஆதலின் அது மூழ்காது. அலையில் மோதி மோதிச் சிறு மணிகளாக உதிர்ந்து, மீன் முட்டை போலத் தோன்றி, மீனின் வயிற்றையும் பறவையின் வயிற்றையும் அடைகின்றது.

முற்காலத்திலும் விழாக்களில் கூட்டம் திரளாமல் இல்லை. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் மாசிப் பெருவிழாவிற்கு அக்காலத்தும் மக்கள் வந்து குவிந்தனர். ஆனால் விழா முடிந்தபின் தெருவில் எஞ்சுவன வாழையிலையும் மந்தாரையிலையும் தொன்னையும் மண்கலமும் தென்னங்கீற்றும் பூவும் ஆக இருந்தன. ஆடுமாடுகள் சிலவற்றைத் தின்றன; மற்றவை மக்கி எருவாயின. அக்காலத்தவர் நம்மினும் தூய்மை மிக்கோர் என்று கொள்வதற்கில்லை. அவரும் வீசித்தான் எறிந்தனர். எறிந்த பொருள் அவரை மன்னித்தது. இன்று எறியும் பொருள் மன்னிப்பதில்லை.

அரசும் இதனை உணராமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010ஆம் ஆண்டில் நெறிமுறைகள் வகுத்து, 2020ஆம் ஆண்டு மே திங்களில் அவற்றைத் திருத்தி வெளியிட்டது. பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் தெர்மாகோலும் ஒருமுறை பயன்படும் நெகிழியும் கூடா. மாலை, துணி, அணி முதலியவற்றைக் கரைக்குமுன்பே கழற்றித் தனியே சேர்க்க வேண்டும். குப்பையைக் கரையிலேயே எரிக்கலாகாது என்பன அவற்றுட் சில. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படும் நெகிழிப் பொருள்கள் பலவற்றிற்கு 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டே தடை உள்ளது. தடை ஏட்டில் நிற்கின்றது. குவளை மணலில் நிற்கின்றது.

பிற நாட்டில் ஒரு முறை உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பிளாக் ராக் என்னும் பாலைவனம் இருக்கின்றது. வறண்டுபோன ஏரியின் தரையாகிய அது புல்பூண்டு இன்றி வெண்மையாகப் பரந்து கிடக்கும். 'பர்னிங் மேன்' என்னும் விழாவிற்காக ஆண்டுதோறும் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் அங்கே கூடி ஒரு வாரம் தங்குகின்றனர். வியப்பென்னவெனின், அவ்விழாவும் 1986ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரின் கடற்கரை ஒன்றிலேதான் தொடங்கிற்று. 1990ஆம் ஆண்டிலேயே பாலைவனத்திற்குப் பெயர்ந்தது. மரத்தாற் செய்த பேருருவத்தை எரிக்கும் அவ்விழா நமக்கு ஏற்புடையதா அன்றா என்பது வேறு. விழா முடிந்தபின் அவர்கள் செய்வதே இங்குக் கருதத்தக்கது.

அங்கே பொதுக் குப்பைத் தொட்டி கிடையாது. கொண்டுவந்தவரே தம் குப்பையை வீட்டிற்குத் திரும்ப எடுத்துச் செல்லல் வேண்டும். கூட்டம் கலைந்தபின், தூய்மைப் படையினர் கை எட்டும் இடைவெளியில் நீண்ட வரிசையாக நின்று, களை பறிப்போர்போற் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கின்றனர். ஆணி, மரச்சிம்பு, இறகு, மணி என எது கண்ணிற் படினும் எடுக்கின்றனர். எந்தக் கூடாரம் இருந்த இடத்தில் எவ்வளவு கிடந்தது என்று வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களாற் குறித்து, அதனை யாவரும் காண வெளியிடுகின்றனர். சிவப்புப் பெற்ற குழுவினர்க்கு மறு ஆண்டில் நல்ல இடம் கிடைப்பது அரிது. பின்னர் நில நிருவாக அதிகாரிகள் வந்து ஆராய்வர். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அப்பரப்பில் கிடக்கும் குப்பையை எல்லாம் ஒன்றுகூட்டினால், சராசரியாக ஒரு சதுர அடிக்கு மேற்படலாகாது. மேற்படின் அடுத்த ஆண்டு இசைவு பெறுவது ஐயமாகும்.

அப்பாலையில் இம்முறை நிலைத்ததற்குக் காரணம் மக்களின் பண்பு மட்டும் அன்று. நிலத்தின் இயல்பும் ஆகும். அங்கே அலை இல்லை. இரவில் விட்டது காலையில் விட்ட இடத்தை விட்டு வெகுதொலைவு போவதில்லை. எவர் விட்டது என்பதும் மறைவதில்லை. நம் கரையிலோ அலை வந்து குப்பையை மட்டுமன்றி, அதனை விட்டவர் பெயரையும் சேர்த்து அழித்துவிடுகின்றது.

ஆயினும் கரையிலும் செய்யக்கூடியன உண்டு. ஊர்வலம் கடற்கரைக்குள் நுழையும் இடத்திலேயே மாலைகளையும் துணிகளையும் கழற்றி வாங்கிக்கொண்டால், பாதிக் குப்பை நீரைத் தொடாது. திருவுருவத்தைக் கடலில் விடாமல், அடியில் விரிப்பு இட்ட தற்காலிகக் குட்டையிற் கரைக்கவும் மேற்சொன்ன நெறிமுறைகள் வழி கூறுகின்றன. கரைந்தபின் விரிப்பைச் சுருட்டி எடுத்தால் சேறும் சட்டமும் ஒருங்கே வந்துவிடும். அள்ளியதனை எங்கே கொண்டுசெல்வது என்பது அடுத்த இடர். நகரக் குப்பையின் ஒரு பெரும்பகுதியைப் பல்லாண்டுகளாக ஏற்று மலையாக வளர்ந்து நிற்கும் கொடுங்கையூரும் வடசென்னையிலேயே உள்ளது. கலந்து அள்ளினால் அனைத்தும் அம்மலையைச் சேரும்; பிரித்து அள்ளினால் மரம் விறகாகும், கம்பி உலைக்குச் செல்லும், பூ எருவாகும்.

விழா நாட்கள் கழிந்து கடலுக்குச் செல்லும் சிறுபடகு மீனவர்க்கு இக்கணக்கெல்லாம் வலையிலே தெரியும். மரச்சட்டத்தில் துருத்தி நிற்கும் ஆணி ஒன்று செவுள்வலையிற் சிக்கினால், முழம் முழமாகக் கண்ணிகள் அறும். கரையில் அமர்ந்து அதனைப் பின்னி முடிக்கும்வரை அன்றைய தொழில் இல்லை. துணிகளும் பைகளும் நிறைந்த வலை கனத்து வரும், மீன் குறைந்திருக்கும். ஐப்பசி பிறந்து வாடை எழுந்து, நீரோட்டம் வன்னியாகத் திரும்பும்போது, வடக்கே சென்ற மிதவைகளில் ஒருபகுதி எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வழியாக மீண்டும் காசிமேட்டை நோக்கி வரத் தொடங்கும். அதற்குள் பந்தல்களும் பிரிக்கப்பட்டுவிடும். விழா எடுத்தவர் அடுத்த ஆண்டின் உருவத்திற்கு முன்பணம் திரட்டிக்கொண்டிருப்பர்.