அன்று கட்டுரையைத் தேடினோம், இன்று எண்ணிக்கையைத் தேடுகிறோம்

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நாகரசம்பட்டிப் பிள்ளை ஒருவர் கணினிப் பொறியியல் படிக்க ஆசைப்பட்டால் ஊரை விட்டுத்தான் போக வேண்டும். அந்த ஊர் இருக்கும் கிருஷ்ணகிரிப் பகுதி அப்போது தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 2004-இல். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994-இல் வந்தது. அதற்கு முன் பலர் சேலம், கோவை, சென்னை என்று போனார்கள். வெளிநாட்டு ஆய்விதழைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஓசூர் தாண்டி, பெங்களூரு இந்திய அறிவியல் கழக நூலகம் வரை போயாக வேண்டும்.

அங்கே போனாலும் வேலை எளிதில்லை. யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் கொண்டுவந்த அறிவியல் மேற்கோள் அட்டவணை, பொடி எழுத்தில் அச்சான தடித்தடித் தொகுதிகள். ஒரு கட்டுரையைப் பிற்காலத்தில் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று அதில் தேடலாம். தேடிக் கண்ட கட்டுரை நூலகத்தில் இல்லையென்றால், பிரதி கேட்டு ஆசிரியருக்கே அஞ்சலட்டை எழுதுவார்கள். பதில் வரப் பல வாரங்கள் ஆகும். அந்த அட்டவணையின் முதல் நோக்கம், ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போனது என்று வழி காட்டுவது. ஆளுக்கு மதிப்பெண் போடுவது அதற்கப்புறம் வந்த பழக்கம்.

அந்தக் காலத்தின் கடைசியில், 1993-இல், சென்னை ஐஐடியில் பி.டெக். முடித்து வெளியே வந்தவர் ஹரி பாலகிருஷ்ணன். பெர்க்லியில் 1998-இல் முனைவர் பட்டம் பெற்று எம்ஐடியில் பேராசிரியரானார். 2023-இல் மார்க்கோனி பரிசு பெற்றார். கணினி வலையமைப்புத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகள் சிலவற்றில் அவர் பெயர் இருக்கிறது. அவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம்.

ஒன்று, 2001-இல் சிக்காம் என்ற கணினி வலையமைப்பு மாநாட்டில் ஐவர் சேர்ந்து வெளியிட்ட ‘கார்டு’. தலைமைக் கணினி எதுவும் இல்லாமல், லட்சக்கணக்கான கணினிகளில் சிதறிக்கிடக்கும் தகவலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி. எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு கணினிக்கும் சில முகவரிகளை மட்டும் தெரியவைத்தார்கள். பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் ஏறக்குறைய இருபது தாவல்களுக்குள் தேடியது கிடைத்துவிடும்.

இன்னொன்று, 2000-இல் வெண்டி ஹைன்சல்மேன், சென்னையில் பிறந்த ஆனந்த சந்திரகாசன் இருவருடனும் சேர்ந்து எழுதிய ‘லீச்’. பேட்டரியில் ஓடும் சிறு உணரிகள் நூறு ஓரிடத்தில் பரவிக் கிடக்கின்றன. எல்லாமே தொலைவிலுள்ள நிலையத்துக்குத் தனித்தனியே செய்தி அனுப்பினால் பேட்டரி சீக்கிரம் தீரும். ஆகவே குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தலைமை வைத்து, அந்தச் சுமையை முறைவைத்து மாற்றினார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் உணரி வலையமைப்பில் முனைவர் பட்டம் செய்தவர்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடம்.

இன்று இந்தக் கட்டுரைகளைப் படிக்க பஸ் ஏற வேண்டாம். 2004-இல் கூகுள் ஸ்காலர் வந்தது. 2008 முதல் யூசனிக்ஸ் என்ற கணினித் துறைச் சங்கத்தின் மாநாட்டுக் கட்டுரைகள் எல்லோருக்கும் இலவசம். 2025-இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்தன. நாகரசம்பட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் ‘கார்டு’ கட்டுரையை முழுக்கப் படிக்கலாம். இந்தப் பகுதிக்கு இது சாதாரண மாற்றமில்லை. காசும் தூரமும் தடுத்து நிறுத்திய எத்தனையோ பிள்ளைகளுக்குப் பின்னால் கிடைத்த வாய்ப்பு இது.

அதே கைப்பேசி மேற்கோள் எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டுகிறது. 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் எச்-குறியீட்டை முன்வைத்தார்: இருபது கட்டுரைகள் தலா இருபது முறையாவது மேற்கோள் பெற்றிருந்தால் குறியீடு 20. எளிதாகக் கணக்கிடலாம் என்பதால் வேலை, பதவி உயர்வு, கல்லூரித் தரவரிசை எல்லாவற்றிலும் மேற்கோள் எண்ணிக்கை நுழைந்தது. பேச்சும் மாறியது. “என்ன கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்ட இடத்தில் “எத்தன பேப்பர் போட்டீங்க? ஸ்கோபஸ் லிஸ்ட்ல இருக்கற இதழா?” என்று கேட்கிறோம். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும், உன்னை நான் சொல்கிறேன், என்னை நீ சொல் என்ற மேற்கோள் ஏற்பாடும் இந்தப் பசியில் வளர்ந்தவை. முனைவர் பட்டத்துக்குக் கட்டாயம் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற விதியை 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நீக்கியது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

‘லீச்’ முறையைக் கொஞ்சம் மாற்றி, கணினிப் பாவனையில் ஓட்டி, சில சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று சொல்லும் கட்டுரைகள் இன்னமும் வருகின்றன. மூலக் கட்டுரைக்கு ஒவ்வொன்றும் ஒரு மேற்கோள்தான். ஆனால் 2000-இல் இருந்த நிலைமை இன்று இல்லை. இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் லோரா கருவி, குறைந்த மின்சாரத்தில், குழுத்தலைமை இல்லாமலே, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலையத்துக்கு நேரே செய்தி அனுப்புகிறது. அப்படியானால் குழுமுறை இன்று எங்கே தேவை, எங்கே வேண்டாம்? அதற்கு விடை பாவனையில் கிடைக்காது. களத்தில் அளந்தால்தான் கிடைக்கும்.

களம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நீர் நிறைந்த மாவிலை ரேடியோ அலையை விழுங்கும். தளிர்க்கும் பருவத்திலும் கவாத்துக்குப் பிறகும் சிக்னல் எவ்வளவு வேறுபடும் என்பதைக் கிருஷ்ணகிரி மாந்தோப்பில் ஆண்டு முழுதும் அளந்தால் அது உலகத்துக்குப் பயன்படும் தரவு. இரும்பும் மோட்டாரும் நிறைந்த ஓசூர் தொழிற்கூடங்களில் கம்பியில்லாச் செய்தி எப்படித் தடுமாறுகிறது என்பதும் அப்படித்தான். களத்துக்குப் போகாமல் சோதிக்கக்கூடியவையும் உண்டு: பாலகிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய 2008-ஆம் ஆண்டு ‘ஓப்பன்ஃப்ளோ’ கட்டுரை சொல்லும், வலையமைப்பை மென்பொருளால் கட்டுப்படுத்தும் முறையை ஒரு மடிக்கணினியில் மினிநெட் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு மாணவரே இயக்கிப் பார்க்க முடியும்.

நம் கல்லூரிகள் ஒரு பருவத்துக்கு ஒரு கட்டுரையையாவது மாணவர்களை முழுக்கப் படிக்கவைத்து, சோதனையைத் திரும்பச் செய்யவைத்து, ஒத்துவராத இடத்தை எழுதவைக்க வேண்டும். ‘கார்டு’ம் ‘லீச்’சும் மேற்கோள்களைக் குவித்தது, அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு விடையைத் தந்ததால். முன்பு நம்மிடம் கட்டுரை வந்து சேரவில்லை. இப்போது வந்து சேர்ந்துவிட்டது. எண்ணிவிட்டு மூடாமல் படித்துச் சோதிக்கும் பொறுப்பு நம்முடையது.